நிலம் அழவில்லை

மோரீன் டல்லிக்கு மாணவர்களின் குரல்தான் தெரியும். பல பேரின் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். எங்கள் பாலைவன ஊரின் வானொலிப் பள்ளியில் அவர் ஆசிரியை, நான் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். பிள்ளைகள் எட்டாத் தொலைவிலுள்ள மாட்டுப் பண்ணைகளில் இருந்தார்கள். அவர்கள் எழுதியது தபால் விமானத்தில் வரும். திருத்தத்தைப் பற்றிய பேச்சு, இரு பக்கமும் பேசக்கூடிய வானொலியில் நடக்கும். எல்லோர் காதிலும் விழும்.

ஒவ்வொரு பருவத்திலும் தன் எழுத்துக்கான இலக்கைப் பிள்ளையே சொல்லவேண்டும் என்பார் மோரீன்.

"முற்றுப்புள்ளி வைக்கப்போறேன் மிஸ். ஓவர்," என்றான் காலின் என்ற பையன். பேசி முடித்ததும் 'ஓவர்' சொன்னால்தான் அடுத்தவர் பேசலாம்.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன!"

"வச்சேனே மிஸ், கடைசியில ஒண்ணு."

லோர்னா பீஸ்லி என்ற பத்து வயதுப் பெண், காதால் கேட்டதை எழுதுவதாகச் சொன்னாள். கன்றுக்குட்டி செத்ததையும் அப்பா புதைத்ததையும் மூன்றே வரியில் அனுப்பினாள். "அப்புறம் என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று மோரீன் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை, வேலியோரம் தாய்ப்பசு விடிய விடியக் கத்தியதை எழுதியிருந்தாள். பூரித்துப்போன மோரீன், 'நிலமே அழுதது போலிருந்தது' என்று ஒரு வரியைத் தானே சேர்த்து அனுப்பினார். திரும்பி வந்த தாளில் அந்த வரி இல்லை.

"அந்த வரியை ஏன் எடுத்துட்ட, லோர்னா? அழகா இருந்துச்சே."

"அது நான் கேட்கல மிஸ். நிலம் அழல. மாடு மட்டும்தான் கத்துச்சு. ஓவர்."

"மிஸ் அவுட்டு!" என்று காலின் கூவினான்.

மோரீன் சிரித்தார். "நீ செஞ்சதுதான் சரி," என்றார். ஆனால் பாடம் முடிந்தபின் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "அழுகையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான், இல்ல?" என்றார் என்னிடம். அவர் கணவர் அடிலெய்டு நகருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன, திரும்பி வரவில்லை. எதற்கு என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

அந்த வாரம் அவர் தனக்கும் ஓர் இலக்கு வைத்துக்கொண்டார்: தன் வீட்டைப் பற்றி ஒரு பக்கம், கேட்டதை மட்டும். குளிர்பெட்டி உறுமி நின்றது, தகரக் கூரை வெயிலில் சடசடத்தது, தண்ணீர் கொதித்துக் கெண்டி கூவியது. அதை நகலெடுத்துப் பிள்ளைகளுக்கே அனுப்பி, திருத்தம் கேட்டார்.

முதலில் பேசியது லோர்னா. "நல்லா இருக்கு மிஸ். ஆனா ஒருத்தர் குரலும் இல்லையே. வீட்ல வேற யாரும் பேசமாட்டாங்களா? ஓவர்."

நான் கருவியைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

"யாரும் இல்லம்மா," என்றார் மோரீன். "நான் மட்டும்தான்."

"அப்போ அதையும் எழுதுங்க மிஸ்."

"ஒரு நாய் வாங்குங்க மிஸ்," என்றான் காலின். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

நாய் வாங்கவில்லை அவர். அன்று மாலை அந்தப் பக்கத்தில் 'வேறு யார் குரலும் கேட்கவில்லை' என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்து என்னிடம் படித்துக் காட்டினார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். "இன்னொரு நாள் வர்றேன்," என்று சொல்லிவிட்டு, புழுதித் தெருவில் தனியாக நடந்துபோனார்.