பஸீர் முதலாளி கேட்காத கேள்வி

பஸீர் முதலாளி யாரிடமும் விலை கேட்டு மிளகு வாங்கியவரில்லை. யட்டவத்த சந்தையில் மூட்டை அவிழ்ந்ததும் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, நாலு மணியைக் கடித்துத் துப்பிவிட்டு விலையைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். முறைத்தவனின் மூட்டையை அடுத்த வாரமும் தொடமாட்டார். வாப்பா மௌத்தாகி, குடும்பப் பொறுப்பு தன் கைக்கு வந்த பிறகு வீட்டையும் அவர் இப்படித்தான் நடத்தினார்.

தங்கச்சி நிஷ்மியாவின் கல்யாணமும் அதே கணக்குத்தான். லண்டனில் பஸ் ஓட்டும் றிஸ்வானின் ஆட்கள் கடைக்கே வந்து பேசினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அந்த அரை மணி நேரத்தை முதலாளி மாத்தளை முழுக்கச் சொல்லித் திரிந்தார். பள்ளிவாசலில் பெண்ணுக்குப் பொறுப்பாளியான 'வலி'யாக நின்று கையெழுத்து வைத்ததும் அவர்தான். பெண் வீட்டில் அறைக்குள் இருந்தாள். பதிவுப் பத்திரத்தில் பெண்ணின் கையெழுத்து இல்லை. ஊரில் யாரும் அதைத் தேடியதுமில்லை.

லண்டன் விசா அலுவலகம் தேடியது. எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இந்தத் திருமணத்துக்கு மனைவி சம்மதித்தாளா என்று அவளே கைப்பட எழுதித் தர வேண்டுமாம். இருபத்தெட்டு நாளைக்குள் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

"நான் வெச்ச சைன் அவனுகளுக்குப் பத்தாதாமா?" என்று முதலாளி விசா படிவம் நிரப்பும் அப்துல் ஸமத்தின் கடையில் மேசையைத் தட்டினார்.

ஸமத் நல்லதாக ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். தங்கச்சி அண்ணனைப் பற்றிச் சொல்வது போல, 'நானா என்னைக் கேட்டார், நான் மனமுவந்து சம்மதித்தேன்' என்று. நிஷ்மியா அதைப் பார்த்து எழுதினால் போதும். அவள் எழுதவில்லை. பொய் எழுதமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். முதலாளி கத்தினார். பிறகு பேச்சை நிறுத்தினார். அவள் வைத்த சோற்றைத் தொடாமல் ஹோட்டலில் தின்றார். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை, விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டிக் கொடுத்தான் என்று சந்தையில் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டார்.

இருபத்தேழாம் நாள் காலையில் ஸமத் முதலாளிக்குப் போன் எடுத்தார். தங்கச்சி தானாகவே வந்து எழுதிவிட்டாளாம். நிக்காஹ்வுக்கு நின்ற ஒருவர் கீழே சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

முதலாளி ஸமத்தின் கடைக்குப் போய், மேசையருகே இருந்த நிஷ்மியாவைப் பார்க்காமல், நின்றபடியே வாசித்தார்.

'என் நிக்காஹ் பற்றி என்னிடம் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானாவும் கேட்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே றிஸ்வான் கேட்டார். நான் விருப்பம் என்றேன். நானாவின் கடைக்கு ஆள் அனுப்பச் சொன்னது நான்தான். நானா என்ன சொன்னாலும் தலையாட்டச் சொன்னதும் நான்தான். அப்போது நாங்கள் அனுப்பிய போன் செய்திகளை இணைத்திருக்கிறேன்.'

இரண்டாம் தடவையும் வாசித்தார். காது சிவந்துவிட்டது.

"இதுக்குக் கீழ என்ட சைனா? கிழிச்சுப் போடுவன்."

"கிழிங்க," என்றாள் நிஷ்மியா. "நாளையோட நாள் முடியுது. மாப்புளட்ட ஏன் போகல்லண்டு ஊருக்கு நீங்களே பதில் செல்லுங்க."

"அப்பவே எனக்கிட்ட ஒரு வார்த்த செல்ல ஏலாமப் போச்சா?"

"செல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டார். அது மூன்று பேருக்கும் தெரியும். இதை மத்தியானத்துக்குள் இங்கிலீஷில் மாற்ற வேண்டும் என்று ஸமத் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

முதலாளி பேனையைப் பிடுங்கினார். தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்து வைத்தார்.

"விசா வந்தாப் போ. பொறகு என்ட வாசல மிதிக்காத."

"அது வாப்பாட வாசல்," என்றாள். தாளை இழுத்துக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவர் பக்கம் தள்ளினாள்.

"திகதியும் போடுங்க."

போட்டார்.