கம்பளித் தொப்பி நனையாமல் ஓடியவர்

எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, தினமும் ஓடு என்றார் டாக்டர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை ஒட்டிய மேட்டில் நான்கு நாள் ஓடியதும் முட்டி வீங்கிவிட்டது. ஓடாவிட்டால் ஊசி, ஓடினால் நொண்டி என்று பயந்துகொண்டிருந்தபோதுதான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்காரரைப் பார்த்தேன். குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில், தலையில் கம்பளித் தொப்பியோடு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். தொப்பியில் ஒரு சொட்டுப் படவிடமாட்டார். நான் நொண்டுவதைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்களும் எறங்குங்க. தண்ணிக்குள்ள ஒடம்பு பாரம் முட்டிக்குத் தெரியாதுங்க. கால் பழகினதும் ரோட்டுல ஓடலாம்."

மறுநாள் போனேன். வழியில் அட்டை கடிக்குமே என்று, கொழுந்தெடுக்கப் போகிறவர்களைப் போல் காலெல்லாம் சவக்காரம் பூசியிருந்தேன். இறங்கியதும் வழுக்கி, முங்கி, நுரையோடு எழுந்தேன்.

"ஓட வந்தீங்களா, துணி தொவைக்க வந்தீங்களா?" என்றார்.

இரண்டு வாரத்தில் முட்டிவலி குறைந்தது. ரோட்டில் ஓட அவரையும் கூப்பிட்டேன்.

"ரோட்டுலயா? ஐயோ, விழுந்தா முட்டி என்னாங்க ஆவுறது!"

அவர் கடைக்குக்கூட த்ரீவீல் ஆட்டோவில் போகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது தினமும் ஓடுகிறேன், சீனியும் இறங்கிவிட்டது. ஆனாலும் என்னைவிடப் பயந்தவரை நம்பியா தண்ணீரில் இறங்கினேன் என்று நினைத்தால் இன்னமும் நெஞ்சு படபடக்கிறது.