மோட்டார் ஓடும்வரை

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போக நாங்கள் வாடகைக்கு எடுத்த, படுக்கையும் சமையலறையும் உள்ள கேரவனின் ஓட்டுநர் அவர். ஒல்லியான மனிதர், வளைகுடாவில் வண்டி ஓட்டிப் பழகியவர். பேச்சின் நடுவிலும் தலையைச் சாய்த்து, உள்ளே தண்ணீர் பம்ப் ஓடுகிறதா என்று காது கொடுப்பார். சுற்றிலும் உப்பளம்; வண்டியின் தொட்டியில் இருப்பதுதான் எங்களுக்குத் தண்ணீர்.

மதியம் பம்ப் நிற்காமல் ஓடியது. அவர் வந்து பார்த்தால், அம்மா குடம், வாளி, தூக்கு என்று நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கீழ்வேளூர் வீட்டில் கரண்ட் போவதற்குள் பிடித்துவைத்துப் பழகியவள்.

"மோட்டார் ஓடுதேன்னு பிடிச்சேன் தம்பி."

"நீங்க பிடிக்கறதாலதாம்மா ஓடுது. குழாயைத் திறந்தா பைப்புல அழுத்தம் குறையும், ஓடும். மூடினா தானா நின்னுடும்."

அம்மா மூடினாள், நின்றது. திறந்தாள், ஓடியது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வாளியிலும் தூக்கிலும் இருந்த தண்ணீரை, வண்டியின் வெளிப்பக்க மூடியைத் திறந்து தொட்டியிலேயே ஊற்றினார். குடத்தைத் தூக்கப்போன என்னைத் தடுத்தார்.

"அது இருக்கட்டும் சார். ஒரு குடமாவது நிறைஞ்சிருந்தாத்தான் அம்மாவுக்கு நிம்மதி."

அம்மா அதைத் தட்டுப் போட்டு மூடிவைத்தாள். அவளை அவர் அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்திருந்தார்.