மருத மரத்து வாவல்கள்

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் மனைவிக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என்னையும் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்று ஒரு தடவை, நிச்சயத்தன்று ஒரு தடவை, அப்புறம் சர்ச்சில் மோதிரம் மாற்றும்போதுதான் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு நாகர்கோவில் பக்கம், எனக்குத் திருச்சி. அவள் நர்சிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவியாளர். மோதி பாக்கில் மாடியில் ஒரு சின்ன குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. காலையில் நான் கிளம்பினால், இருட்டும்வரை அவள் அந்த இரண்டு அறைகளுக்குள்தான். இந்தி தெரியாததால் காய்கறி வண்டிக்காரரிடம்கூடக் கையைக் காட்டித்தான் வாங்கினாள்.

ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அவளாகவே பேச்சை ஆரம்பித்தாள். அது அபூர்வம்.

"இஞ்ச வாவல் உண்டா?"

"வாவலா?"

"வௌவாலு. பெருசு. பழம் தின்னுமே, அது. சாயங்காலம் பால்கனியில நிக்கும்போ மேல போச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா."

"காக்காயா இருக்கும். இந்த ஊர்ல ஏது அதெல்லாம்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டுப் பால்கனியில் நிறுத்தினாள். வானத்தில் செம்மை போய்ச் சாம்பல் நிறம் மட்டும் மிச்சமிருந்தது. முதலில் ஒன்று வந்தது. அவசரமில்லாமல், துடுப்புப் போடுவது போலச் சிறகை அடித்துக்கொண்டு போனது. அதன் பின்னால் இன்னும் சில. சிறகின் ஓரத்து வளைவுகூடத் தெரிந்தது. காக்கை அப்படிப் பறக்காது.

"எங்கேருந்து வருது?" என்றேன்.

"அதத்தான் நானும் யோசிக்கேன். பகல்ல எங்கயாவது ஒரு மரத்துல தொங்கணுமே."

இப்படித்தான் எங்கள் தேடல் தொடங்கியது. யோசனை அவளுடையது. அவை வரும் திசையில் கொஞ்சம் தூரம் போய் நின்று பார்ப்பது, அடுத்த வாரம் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவது. மரத்தை நெருங்க நெருங்க அவை சீக்கிரமாகக் கண்ணில் படும், வெளிச்சமும் அதிகமிருக்கும் என்றாள். ரிங் ரோட்டு மேம்பாலத்தில் ஒரு சனிக்கிழமை, சாணக்யபுரியின் அகலமான புல்வெளி ஓரத்தில் ஒரு சனிக்கிழமை என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றோம். ஒரு தாளில் மடித்த வறுத்த வேர்க்கடலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நகரத்தைச் சுற்றிக்காட்ட நான் ஒருபோதும் அவளை அழைத்துப் போனதில்லை. வாவல்கள்தான் அழைத்துப் போயின.

மூன்றாவது இடத்தில் தோற்றோம். ஒரு பெரிய கோல் சக்கரில், ரவுண்டானாவின் புல்லில் நின்றுகொண்டு, கூட்டமாகப் பறந்தவற்றைக் காட்டி "அதோ" என்றேன் நான். அவள் சிரித்தாள். அவை பருந்துகள். இருட்டிவிட்டது, வாவல் ஒன்றுகூட வரவில்லை. திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்.

"கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறேன்லா, அப்படியே கொஞ்ச நாள் அங்க இருக்கேன். வேல கெடச்சா வாறேன்."

"எவ்வளவு நாள்?"

"தெரியல. அக்காகிட்டச் சொல்லியாச்சு."

நான் சரி என்றேன்.

அடுத்த வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக ஜன்பத் பக்கம் நடந்தேன். மனசு சரியில்லை. பெரிய பங்களாக்கள் இருக்கும் அந்தச் சாலையின் நடைபாதையில் ஒரு நெடி மூக்கில் ஏறியது. நின்றேன். தலைக்கு மேலே சண்டை போடுவது போலக் கீச்சுக்கீச்சென்று சத்தம். அண்ணாந்து பார்த்தால், வெள்ளைத் தண்டுள்ள அந்த உயரமான மரங்களின் கிளை முழுக்கக் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் சாலை அது. ஒரு நாள்கூட மேலே பார்த்ததில்லை.

உடனே வீட்டுக்கு போன் செய்தேன்.

"கண்டுபிடிச்சிட்டேன். சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்கு வரக் கூடாதா?"

"நான் வீட்டுக்கு வந்து கூட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள இருட்டிடும்."

"நானே வாறேன். பஸ் நம்பர சொல்லுங்க."

சொன்னேன். சொன்ன பிறகு பயம் வந்தது. அவள் தனியாகப் பால் பூத்துக்கு அப்பால் போனதில்லை. அலுவலகத்தில் சீக்கிரமே அனுமதி கேட்டுக்கொண்டு ஜன்பத் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ்கள் வந்தன, போயின. வெயில் மஞ்சளாகி மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. தப்பான பஸ்ஸில் ஏறியிருப்பாளோ, யாரிடம் என்னவென்று கேட்பாள் என்று ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலாகத் தேடினேன். கடைசியில் ஒரு பஸ்ஸின் முன்வாசலில் அவள் தலை தெரிந்தது. இறங்கும்போதே கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "அச்சா பையா" என்று விடைபெற்றாள். முகம் சிவந்திருந்தது.

"எப்படிக் கேட்ட?"

"ஜன்பத் ஆயா க்யா, ஜன்பத் ஆயா க்யான்னு ஒவ்வொரு ஸ்டாப்லயும், வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டேன். அவருக்கே அலுத்துப் போச்சு."

மரத்தடிக்குப் போனதும் அவள் முதலில் வாவலைப் பார்க்கவில்லை. தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "மருதமரம்லா இது" என்றாள். அப்புறம்தான் அண்ணாந்தாள், அண்ணாந்தபடியே நின்றாள்.

பங்களா வாசலிலிருந்து ஒரு காவலர் வந்து, "க்யா தேக் ரஹே ஹோ?" என்று அதட்டினார், என்ன பார்க்கிறீர்கள் என்று. நான் அடையாள அட்டையை எடுப்பதற்குள் அவள் மேலே கையைக் காட்டினாள். அவர் ஒரு தரம் அண்ணாந்தார். "சம்காதட்?" என்று வாவலின் இந்திப் பெயரைக் கேட்டுவிட்டு, இதற்காகவா என்பது போல எங்களைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பிப் போனார்.

வெளிச்சம் மங்கியதும் கிளைகளில் அசைவு கூடியது. ஒன்று பிடியை விட்டுச் சற்றுக் கீழே விழுந்து, சட்டென்று சிறகை விரித்துச் சாலையைக் கடந்தது. பிறகு மற்றவை. கார்களின் விளக்குகளுக்கு மேலே சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஒரு கூட்டம் தென்மேற்கே, எங்கள் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனாள். புத்தாண்டு முடிந்ததும் ஒரு போன் வந்தது. "டிக்கெட் எடுத்தாச்சு. ஸ்டேஷனுக்கு வருவியளா?" வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஏன் வருகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

வேலை அந்தக் கோடையில் கிடைத்தது. மகள் பிறந்தாள். நாங்கள் ஜனக்புரிக்கு மாறினோம். பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை. இன்றும் குளிர்காலத்தில் டியூட்டி இல்லாத ஒரு சாயங்காலம் அவள் அந்த மரங்களைப் பார்க்க மெட்ரோ ஏறிவிடுவாள், சில சமயம் என்னோடு, பெரும்பாலும் தனியாக. போன மாதம் போனபோது மரங்களில் ஒன்று புயல்மழையில் விழுந்து, அந்த இடம் வெறிச்சென்று இருந்ததாம். அதில் இருந்தவை பக்கத்து மரத்தில் இடித்துப் பிடித்துத் தொங்குவதாக வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல், ஊரிலிருக்கும் அக்காவுக்கு போன் போட்டு அதையே முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.