அவனியாபுரத்து வீடு என் பேரில்

கணவரைப் பிரிந்த பிறகு மகளோடு வில்லாபுரத்தில் வாடகைக்கு இருந்தேன். வேலை கப்பலூரில். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அவனியாபுரத்தின் பழைய தெருவொன்றில் ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த பெரியவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, பேசுவோம்.”

“அப்படி யாரும் இல்லைங்கய்யா. வாங்கப் போறது நான்தான். எங்கிட்டப் பேசுங்க.”

“பொம்பளைகிட்ட என்னத்தப் பேச?” என்று அவர் திரும்பிக்கொண்டார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“பேசாம நான் போகமாட்டேன்ய்யா.”

சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தார். “எங்கப்பா எனக்குக் குடுத்த வீடு இது. பத்திரம் எம்பேர்லதான இருக்கு? விக்கிறதே பொம்பளைதான். நீ உள்ள வா தாயி.”

பெரியவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

பதிவு அலுவலகத்தில் முதலில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார், பிறகு நான். பொங்கலுக்கு முன்பே குடிவந்துவிட்டோம்.

“ஆம்பளத் துணை இல்லாம தனியாவா இருக்கப் போறீக?” என்று தெருவில் கேட்டார்கள்.

“ஆமா” என்றேன். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.