சத்தத்தைக் குறைக்கப் போய்த் திறந்த கதவு

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டு டிவியில் ஒரு கல் கதவு திறந்தது. திறந்தவள் நான். எப்படித் திறந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் லாங் பஜாரில், பூண்டு மூட்டை ஏற்றி வந்த கைவண்டிக்கு வழிவிடப் பின்னால் நகர்ந்தேன். பின்னால் ஒரு பைக் நின்றிருந்தது. பைக்கும் நானும் சேர்ந்தே விழுந்தோம். பைக்குக்கு ஒரு கீறல்கூட இல்லை... எனக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் நிஜமான பேஜார் ஆரம்பித்தது. எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. மற்ற விரல்களாவது போகப் போக மனசு இரங்கின. ஆட்காட்டி விரல் மட்டும் எந்நேரமும் யார் மேலோ குற்றம் சொல்கிற மாதிரி நீட்டிக்கொண்டே நின்றது. பேனா பிடிக்க முடியாது. சோறு பிசைய முடியாது. ரசம் சாதத்தை இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டுப் பாருங்கள், என் கஷ்டம் புரியும்.

வாராவாரம் நீங்கள் படிக்கும் இந்தப் பத்தியை நான் கையால்தான் எழுதுவேன். அது முடியாததால் இத்தனை வாரமும் நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் செல்போனில் டைப் செய்தார். அவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. தையலில் ஒரு பிசிறு தெரிந்தால் ஷூவைத் திருப்பி அனுப்புகிறவர். என் வாக்கியங்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். "இந்த ஜோக் எதுக்கு? இது இல்லாமலே புரியுதே" என்று வெட்டிவிடுவார். பத்தி ஏன் இப்படிக் காய்ந்துபோய்விட்டது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் இப்போது தெரிகிறதா?

பிசியோதெரபிக்குப் போகிற இடத்தில் எஸ்தர் என்று ஒரு பெண். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அழுத்திப் பழகச் சொல்லி ஒரு மெத்தென்ற பந்து கொடுத்திருந்தாள். நான் அழுத்தினால்தானே? ஒருநாள் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, குடுத்த மாதிரியே புதுசா இருக்குது? இப்டியே உட்டீங்கன்னா விரல் அப்டியே நின்னுடும். அப்புறம் நானே நெனச்சாலும் மடக்க முடியாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். பயம்தான். எழுதவே முடியாமல் போய்விட்டால்?

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ரம்யா போனில் ஒரு வழி சொன்னாள். "என் ரூம் அலமாரில கேம் செட் இருக்குதும்மா. டிவில மாட்டிக்கோ. கன்ட்ரோலர்ல எல்லா விரலுக்கும் பட்டன் இருக்கு."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே."

"தெரியவே வேணாம். சும்மா அழுத்து."

வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்தார். வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார்... எழுந்திருக்கவே இல்லை!

பாழடைந்த ஒரு அரண்மனை. தலைப்பாகை கட்டிய ஒருவன் உள்ளே போகிறான். கல் கதவு மூடியிருக்கிறது. எதிரே நான்கு கல் யானைகள். ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் தானாகத் திரும்பிக்கொள்ளும். நான்கும் சரியான பக்கம் பார்த்தால் கதவு திறக்குமாம். எது சரியான பக்கம்? அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

"எந்த விளையாட்டுக்கும் ஒரு ரூல் இருக்கும். அத கண்டுபுடிச்சா முடிஞ்சிது" என்றார் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் சட்டைகூட மாற்றாமல் நேராக யானைகளிடம்தான். "செவுத்துல சூரியன் படம் இருக்கு பாரு. அப்ப அது கெழக்கு. ஒண்ணு கெழக்கப் பாக்கணும்." ஒரு வாரம் போனது. யானைகள் எல்லாத் திசையும் பார்த்தன. கதவு அசையவில்லை.

அவர் இல்லாத நேரத்தில் நானும் அழுத்தினேன். என் ஆள் சுவரில் போய் முட்டுவான். காரணமில்லாமல் குதிப்பான். குளத்தில் விழுந்து சாவான், மறுபடி வருவான். கன்ட்ரோலரின் பின்பக்கம் ஆட்காட்டி விரலுக்கென்றே ஒரு பட்டன் இருந்தது. என் விரல்தான் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் எழுந்து, "டீ போட்டுட்டு வர்றேன். நீ யானைங்கள மட்டும் தொடாத. மூணு கரெக்டா நிக்குது" என்று கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து ரம்யா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தேன். டிவியில் டமடமவென்று முரசு.

"இன்னாம்மா சத்தம்? ஒண்ணுமே கேக்கல!"

டிவி ரிமோட் அந்தப் பக்கம் இருந்தது. இத்தனை பட்டன் வைத்தவன் சத்தத்தைக் குறைக்க ஒன்று வைத்திருக்க மாட்டானா? முன்னால் இருந்த எல்லாவற்றையும் அழுத்தினேன். குறையவில்லை. சரி, பின்னால் இருக்குமோ... பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்த்து ஒரே அழுத்து!

என் ஆள் யானை மேல் தாவி ஏறினான். தும்பிக்கையைப் பிடித்து இழுத்தான். யானை சுற்றியது. அது சுற்ற, மற்ற மூன்றும் சுற்றின. ஐயோ, அவர் நிறுத்தி வைத்த யானைகள்! பதறிப்போய் இன்னும் ஜாஸ்தி அழுத்தினேன்.

கடகடகடவென்று கல் கதவு மேலே போனது.

வீட்டுக்காரர் டீ வடிகட்டியோடு ஓடி வந்தார். "இன்னா பண்ண நீ?"

"சத்தத்த கம்மி பண்ணேன்."

"எந்த யானைய மொதல்ல திருப்புன?"

"நான் எங்க தொட்டேன்? அவன்தான் தொட்டான்."

மடியிலிருந்து ரம்யா கத்தினாள். "அம்மா! அந்தக் கதவ தொறந்துட்டியா? காலேஜ் படிக்கும்போது நான் அதுல மாட்டிக்கினு எவ்ளோ நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தேன். என் வயசுக்கு இதெல்லாம் தேவையா? தேவைதான்!

அவர் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய்... விரல பாரு."

பார்த்தேன். கன்ட்ரோலரைச் சுற்றி ஆட்காட்டி விரல் மடங்கியிருந்தது. நீட்டினேன், நீண்டது. மடக்கினேன். சுரீரென்று வலித்தது... ஆனால் மடங்கியது!

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் வைத்தார். பக்கத்தில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கென்ன, என் கையெழுத்து. அவர் வடிகட்டியைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. ரெண்டு பேரும் அசையவில்லை.

மறுநாள் எஸ்தர், "கட்டை விரல தொடுங்க பாப்போம்" என்றாள். தொட்டேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எப்டி ஆன்ட்டி? இன்னா பண்ணீங்க?"

யானைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "வலிக்கும்னு பயந்து விரல இறுக்கியே வெச்சிருந்தீங்க. நேத்து பயப்பட டைம் இல்ல. அவ்ளோதான்."

யோசித்துப் பார்த்தேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காட்டுக் கூச்சல் போட்ட வகுப்பின் முன் நடுங்கிக்கொண்டு நின்றேன். கை தவறி டஸ்டர் மேஜையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் வகுப்பே கப்சிப். வெளியே போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியை, கெட்டிக்காரப் பெண் என்று முடிவு செய்துவிட்டார். நான் மறுக்கவா முடியும்? புரிந்து செய்தது எவ்வளவு, கை தவறிச் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் நம்மில் பல பேர் கதை இப்படித்தான் இருக்கும். ரூல் தெரியாமல் ஜெயித்தாலும் ஜெயம் ஜெயம்தானே?

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் பெயரில் விளையாட்டைத் தனியாக முதலிலிருந்து ஆரம்பித்து, அதே யானைகளை மறுபடி திருப்பிக்கொண்டிருக்கிறார்... நான் கதவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது அறையில் இருக்கிறேன்.