காதுக்கு வந்த லாரிக் குஞ்சம்

பேருந்து மாற இறங்கிய வாளையாரில் நான், அம்மா, தங்கை மூவரும் நிற்கிறோம். தங்கையின் ஜிமிக்கி மட்டும் வரவில்லை; அது கோவையில், வீட்டுக் கண்ணாடி முன்னால் கிடக்கிறது. இன்று கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் இவள்தான் தங்கையாக நின்று இணைச்சீர்ச் சடங்கு செய்ய வேண்டும்.

"வெறுந் தோட்டோட நான் வரமாட்டேன்" என்கிறாள்.

நிறுத்தத்தை ஒட்டி லாரி அலங்காரக் கடை வைத்திருக்கும் அக்கா சிரிக்கிறார். "ஏங் கண்ணு, லாரிக்குத் தொங்கறது உங் காதுல தொங்குனா ஆகாதா?"

சிவப்புக் குஞ்சம் ஒன்றை இரண்டாகப் பிரித்து, நுனி கத்தரித்து, மேலே ஜரிகை சுற்றி, தோட்டில் மாட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அதனால் இரண்டிலும் நூல் சமமா என்று எண்ணும் பொறுப்பு எனக்கு.

அங்கே நின்றிருந்த ஒரு லாரியின் பக்கக் கண்ணாடியில் தங்கை தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "அம்மிணி, ரைட்டு, போலாங்க!"

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அம்மா மெல்லத் தன் காதைத் தொடுகிறாள். "ஏனுங்க, பச்சையில இருக்குதுங்களா?"

சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. மொத்தம் அறுபது ரூபாய்.